மூணு இருந்த இடத்தில் நாலு

இன்றைக்குச் சாக்கை அவிழ்த்தேன்வே. உம்ம கம்ப்யூட்டர் மெஷினின் பின்பக்கச் சல்லடையில் முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். சூட்டில் காய்ந்த தூசி, அதற்குள்ளே மூக்குப்பொடி. நீர் பொடி போட்டுவிட்டு விரலை உதறும்போதெல்லாம் அந்த விசிறி கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. நீர் போய்ச் சேர்ந்து ஒரு ஆடித்தபசுத் திருவிழாவும் கழிந்துவிட்டது, உம்ம பொடி இன்னும் போகவில்லை. எனக்குத் தும்மல் வந்தது.

காலையில் அம்மன் சன்னதியில் உம்ம வீட்டுக்காரி மதினியைப் பார்த்தேன். நெற்றியில் புற்றுமண்ணோடு நேரே என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, மெஷின் என்ன ஆச்சு?" என்றாள். வெள்ளிக்கிழமை தோறும் கேட்கிறாள். நானும் வெள்ளிக்கிழமை தோறும் ஒன்று சொல்கிறேன். போன வாரம், புளியங்குடியில் ஒருத்தன் பார்க்கிறான் என்றேன். இன்றைக்கு, அவன் கையை விரித்துவிட்டான், தென்காசிக்குக் கொண்டுபோகணும் என்றேன். அது புளியங்குடிக்கும் போகவில்லை, தென்காசிக்கும் போகாது. என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

இதை நான் எழுதவில்லை. எனக்கு எழுத வராது என்பது ஊரிலேயே உமக்குத்தான் ரொம்பத் தெரியும். நான் பேசப் பேச செல்லு எழுதுகிறது. என் மகள் கோமதி வாங்கிப் படித்து, நான் இழுத்த இடத்தைச் சுருக்கி, படிக்கிற மாதிரி ஆக்கித் தருவாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு பார்க்கிற வேலை அவளுக்கு. ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் விடமாட்டாள்.

நீர் தெற்கு ரத வீதியில் டைப் இன்ஸ்டிடியூட் நடத்திய காலத்திலேயே உம்ம வாயையும் விரலையும் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிச் சொல்லி, எதைத் தட்டினாலும் வாய்விட்டுச் சொல்லாமல் தட்ட முடியாத ஆளாகிப் போனீர். டைப் மெஷின்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின, கம்ப்யூட்டர் வந்தது, நீர் அதை ரிப்பேர் பார்க்கிறவர் ஆனீர். வாய் மட்டும் நிற்கவில்லை. எதைத் திறந்தாலும் அதன் பேரைச் சொல்வீர். ஒரு நம்பரை மாற்றினால், இருந்த நம்பரையும் சொல்வீர், போட்ட நம்பரையும் சொல்வீர். தூக்கத்தில் விரல் ஆடினால் வாய் முணுமுணுக்கும் என்று மதினி ஒருதரம் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு இடம் உம்ம கடை வாசல்படி. நான் ஓட்டின தறியை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து என் கையில் கொடுத்தது நீர்தான். வீடு வீடாய்ப் போய், சீக்கு வந்த மெஷினைச் சாக்கில் சுற்றி ஏற்றி வரணும். சரியானதும் கொண்டுபோய் இறக்கணும். மற்ற நேரம் படியில் உட்கார்ந்து உம்ம வாயைக் கேட்டுக்கொண்டிருப்பேன். விசைத்தறி இரைச்சலுக்குள் பேச்சைப் பிரித்தெடுத்துப் பழகின காது இது. எழுதி வைக்கத் தெரியாதவனுக்குக் காதில் விழுந்தது வேறு எங்கேயும் போகாது. உள்ளேயே தங்கிவிடும்.

மற்ற ரிப்பேர்க்காரர்கள் எந்தச் சீக்கு வந்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாய் ஏற்றுவார்கள். வீட்டுக்காரனின் கல்யாணப் போட்டோவும் அதோடு போகும். நீர் அப்படியில்லை. மெஷினுக்குள்ளேயே இருக்கிற ரெஜிஸ்ட்ரி என்ற ஒன்றுக்குள் இறங்குவீர். அது என்னவே, நம்ம பத்திர ஆபீஸ் மாதிரியா என்று நான் ஒருநாள் கேட்டேன். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்று எல்லாம் அங்கேதானே பதிவாகியிருக்கும் என்றேன். கடையே அதிரச் சிரித்தீர். மறுநாளிலிருந்து அதையே வருகிறவர்களிடம் உம்ம சரக்காய்ச் சொல்ல ஆரம்பித்தீர்: "கதவை இடிக்கப்படாது சார், பத்திரத்தை மாத்தணும்." நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்லணும், எதைத் தொடுவதற்கு முன்னாலும் நகல் எடுத்து வைப்பீர். "தப்பாப் போனா திரும்பி வர வழி வேணும்லா" என்பீர். அதில் நீர் சுத்தம். நகல் எடுக்காமல் நீர் தொட்டது ஒரே ஒரு மெஷினை.

எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து நான் உமக்கு வேடிக்கைப் பொருள் ஆனேன். கடையில் கூட்டம் இருக்கிறபோது கூப்பிடுவீர். "ஏலே மாடசாமி, சிடி போடுத தட்டையே காணும்னு வாத்தியார் அழுதாரு. எங்கன போய்த் தேட?" நான் ரெஜிஸ்ட்ரியின் தலைவாசலான எச்கீ லோக்கல் மெஷினில் தொடங்கி, ஒவ்வொரு படியாய் இறங்கி, அப்பர் ஃபில்டர், லோயர் ஃபில்டர் ரெண்டையும் அழிக்கணும் என்று முடிப்பேன். கூட்டம் கைதட்டும். நீர் பொடியை உறிஞ்சிவிட்டு உம்ம தீர்ப்பைச் சொல்வீர்: "கைநாட்டு. கிளிக்குச் சொல்லத்தான் தெரியும், சொன்னது என்னன்னு தெரியாது." யாராவது, இவனுக்கு என்ன கொடுக்கீர் என்று கேட்டால், "கிளிக்காவது பழம் வைக்கணும், இவனுக்கு வாசப்படி போதும்" என்பீர். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவன்தானே சொல்கிறான் என்று இருந்தது.

அப்படி நினைக்கவும் காரணம் வைத்திருந்தீர். கழுகுமலை ரோட்டில் லாரி ஒதுக்கி நான் பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்தபோது, என் வண்டியில் என்னையே கிடத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, பெரியாஸ்பத்திரிவரை நீர் மிதித்தீர். வழியெல்லாம், பிரேக் பிடிக்கேன், வளைக்கேன், மிதிக்கேன் என்று வாயால் சொல்லிக்கொண்டே மிதித்தீர். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நான் மறக்கவில்லை. மறக்கத் தெரிந்திருந்தால் ரெண்டையும் சேர்த்து மறந்திருப்பேன்.

கோமதி உம்மிடம்தான் டைப் படித்தாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தப்பில்லாமல் அடிப்பாள் என்று நீரே சொன்னீர். "இது தறிக்காரன் வீட்டு விரலு இல்லலே" என்றும் சொன்னீர். அதைப் பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். பிறகு அவள் திருவேங்கடம் ரோட்டில் ஒரு சின்ன அறையை எடுத்து, உம்மிடமே பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, ஆன்லைன் மனு, பிரிண்ட், ஜெராக்ஸ் என்று தொடங்கினாள். திறப்பு அன்றைக்கு நீர்தான் தேங்காய் உடைத்தீர். முதல் பிரிண்டையும் உம்ம கையால் எடுத்தீர். காலேஜ் பிள்ளைகள் உம்ம கடை வாசலைத் தாண்டி அவள் கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு, உம்ம பொடி டப்பா அடிக்கடி திறந்து மூடியது. நான் அதையும் கேட்டேன். என்ன என்று யோசிக்கவில்லை.

அவள் மெஷின் திறக்க ரொம்ப நேரம் எடுத்தது. "சாரை விட்டா வேற யாருட்டப்பா கொடுக்க" என்று சொல்லி என் வண்டியில்தான் ஏற்றிவிட்டாள். நான்தான் கொண்டுவந்து உம்ம மேஜையில் வைத்தேன். மத்தியானம், கடையில் ஆள் இல்லை. நான் படியில் உட்கார்ந்து வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தானாய் ஓடுகிற வேண்டாத சாமானையெல்லாம் ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லிச் சொல்லி அழித்தீர். பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. பொடி டப்பா திறந்தது. அப்புறம் உம்ம குரல் இறங்கி வந்தது. எச்கீ லோக்கல் மெஷின். சிஸ்டம். கரண்ட் கண்ட்ரோல் செட். சர்வீசஸ். யூஎஸ்பி ஸ்டோர். ஸ்டார்ட். மூணு... நாலு.

குரலை இறக்கத்தான் உமக்கு முடிந்தது. நிறுத்த முடியவில்லை. படியில் இருக்கிறது கிளிதானே என்றும் இருந்திருக்கும். அன்றைக்கு நகல் எடுத்ததாய் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மெஷினைக் கொண்டுபோய் இறக்கினேன். பொத்தானை அமுக்கியதும் படக்கென்று திறந்தது. கோமதிக்கு அவ்வளவு சந்தோஷம். சாருக்குக் கொண்டுபோய்க் கொடுங்க என்று பாக்கெட் நிறைய அல்வா வாங்கித் தந்தாள். நீர் தின்றீர்.

அதற்குப் பிறகுதான் பரீட்சைக்கு மனுப் போடுகிற காலம் வந்தது. பிள்ளைகள் போட்டோவையும் கையெழுத்தையும் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். சொருகினால் அதில் லைட் எரியும், மெஷின் கண்டுகொள்ளாது. அதே ஓட்டையில் மவுஸைச் சொருகினால் வேலை செய்யும். கோமதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உம்மிடம் வந்து நின்றாள். நீர் மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பழைய போர்டும்மா. மவுசுக்குக் காணும், பென்டிரைவுக்குக் கரண்டு பத்தாது" என்றீர். ஐயா ஸ்தானத்தில் இருக்கிறவர் சொன்னால் அவள் வேறு என்ன கேட்பாள். புது மெஷின் வாங்குவதற்கு வழியில்லை. உம்ம கடைக்குப் பென்டிரைவைக் கொண்டுவந்த பிள்ளைகளிடம், "அங்கன போட்டியா? அந்த மெஷின்ல வைரஸ் இருக்கு, உன் பென்டிரைவும் செத்துரும்" என்றும் சொன்னீர். அதையும் நான் கேட்டேன். உம்மைத் தப்பாய் நினைக்கவில்லை. மகள் மெஷினில் வைரஸ் வந்துவிட்டதே என்றுதான் வருத்தப்பட்டேன்.

அந்த சீசன் முடிவதற்குள் கடைக்குப் பூட்டுப் போட்டாள். கடை வைத்திருக்கிற பெண் என்று வாசுதேவநல்லூரில் ஒரு சம்பந்தம் பேசிவைத்திருந்தோம். கடை போனதும் அவர்கள் பேச்சும் நின்றது. கோமதி திருப்பூர் பஸ் ஏறினாள். பெட்டியை நான்தான் வண்டியில் வைத்து பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளினேன். நீரும் வந்து நின்று, "எங்க போனாலும் விரலு சோறு போடும்மா" என்று தலையில் கைவைத்தீர்.

பிறகு எத்தனையோ மெஷினை ஏற்றி இறக்கினேன். ஒருநாள் ராயகிரியிலிருந்து ஒரு வாத்தியார் பள்ளிக்கூடத்து மெஷினை அனுப்பினார். பென்டிரைவை யாரும் போடக்கூடாது என்று முன்னால் இருந்த ஆள் பூட்டி வைத்துவிட்டாராம். நீர் இறங்கினீர். அதே படி, அதே வரிசை. கடைசியில் மட்டும் "நாலு... மூணு" என்றீர். கையில் பொடி இருந்ததால், பென்டிரைவை நீ சொருகுலே என்றீர். நான் சொருகினேன். டொய்ங் என்று ஒரு சத்தம், திரையில் கதவு திறந்தது.

என் கை அந்த ஓட்டையிலேயே இருந்தது. அந்த மத்தியானம் அப்படியே எழுந்து வந்தது. செயின் எண்ணெய் வாடை, பொடி டப்பா, இறங்கின உம்ம குரல்.

"வே, நாலுன்னா பூட்டு, மூணுன்னா தொறப்பா?" என்று கேட்டேன்.

"பாரு, கிளி இன்னைக்கு அர்த்தம் கேக்கு" என்றீர்.

"அப்போ கோமதி மெஷின்ல மூணை நாலாக்குனீரே, அது எதுக்குவே?"

உம்ம வாய் அசையாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் கொஞ்ச நேரம்தான். பொடியை உறிஞ்சினீர். வாத்தியார் பக்கம் திரும்பி, "சார், கைநாட்டு நமக்கு ரெஜிஸ்ட்ரி கிளாஸ் எடுக்கான்" என்றீர். வாத்தியார் சிரித்தார். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். "போய் வண்டியைத் துடைலே, மழை வரப்போகு" என்றீர். நான் போய் வண்டியைத் துடைத்தேன். துடைத்து, வண்டிச் சாவியை உம்ம படியில் வைத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனேன். ஊரில் யாரிடம் சொல்ல? எழுதத் தெரியாதவன் சொல்லுகிற சாட்சிக்கு, அதுவும் எட்டாத ஒரு சமாச்சாரத்துக்கு, என்ன மதிப்பு?

கோமதிக்கு ஃபோன் போட்டேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "அன்னைக்கே உங்க காதுல விழுந்துச்சுல்லாப்பா" என்றாள். அவ்வளவுதான். நீர் சொன்ன கைநாட்டு எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நீ வந்து அதை மூணாக்கிவிடு மக்கா, மெஷினை இன்னும் வைத்திருக்கிறேன் என்றேன். இனி அதைத் தொறந்து யாருக்கு என்ன, கிடக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

நீர் விழுந்த செய்தி வந்தபோது நான் வந்தேன். வலது பக்கம் முழுக்கப் போய், வாய் கோணி, பேச்சு நின்றுபோய்க் கிடந்தீர். விரல் ஆடாததால் வாய் நின்றதா, வாய் நின்றதால் விரல் ஆடவில்லையா, எனக்குத் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திருநீறு பூசிவிட்டுப் போனார்கள். நான் உம்ம காதுப் பக்கம் குனிந்தேன். எச்கீ லோக்கல் மெஷின் என்று தொடங்கினேன். ஒரு படியும் விடாமல், உம்ம ராகத்திலேயே இறங்கினேன். மூணு... நாலு. திரும்பத் தொடங்கினேன். உம்ம கண்ணிலிருந்து நீர் ஒழுகி, காதுக்குப் போய்த் தேங்கியது. நான் துடைக்கவில்லை. மதினி பின்னால் வந்து நின்று, "என்ன அண்ணாச்சி, மந்திரமா?" என்றாள். "அவருக்குப் புடிச்ச மந்திரம் மதினி" என்றேன். "தினமும் வந்து சொல்லுங்க, கேட்டதும் முகத்துல ஒரு அசைவு தெரியுது" என்றாள். வந்தேன். நீர் இருக்கிறவரை வந்தேன். நான் படி ஏறுகிற சத்தம் கேட்டாலே உம்ம இடது கை போர்வையைப் பிடிக்கும்.

உம்ம குரல் எங்கே மிச்சம் இருக்கிறது தெரியுமா? சுருக்கெழுத்துப் பிள்ளைகளுக்காக நீர் வாசித்துப் பதிந்து வைத்த பாடங்களில். "ஐயா, தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம்" என்று தொடங்கி, சர்க்கார் கடிதமாய் ஓடுகிறது. மதினி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டுக் கேட்பாள். உம்மிடம் ஒரு நல்ல சொல் வாங்காத பெண், நிலுவைக் கோப்பைப் பற்றி நீர் வாசிப்பதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். போகப் போக மெஷின் ஒருநாள் திறந்தது, நாலு நாள் திறக்கவில்லை. உள்ளே டிஸ்க் முனகியது. செத்துப்போவதற்குள் அந்தக் குரலைப் பென்டிரைவில் ஏற்றி, பாட்டுப் பெட்டியில் சொருகிக் கேட்கணும் என்பதுதான் அவள் ஆசை. கடைப் பையன்கள் வந்து பார்த்தார்கள். லைட் எரிகிறது, மெஷின் கண்டுகொள்ளவில்லை. கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தால்தான் உண்டு என்றார்கள். மதினி விடவில்லை. "எம் மெஷின்ல எவன் ஸ்க்ரூ டிரைவரும் படப்படாது" என்று நீர் சொல்லிவைத்திருக்கிறீர். செல்லில் பிடித்தும் பார்த்தாளாம், கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறதாம். கழற்றாமல் பார்க்கிற ஆளிடம் கொண்டுபோகிறேன் மதினி என்று சொல்லி, நான்தான் சாக்கில் சுற்றி வாங்கி வந்தேன்.

ஓட்டையில் ஒரு கோளாறும் இல்லை. உம்ம பாடத்தை எவனும் திருடிவிடக்கூடாது என்று நீரே பூட்டினது. வேண்டும்போது மூணு, முடிந்ததும் நாலு. அதையும் படியில் இருந்து கேட்டவன்தான் நான். ஒரு நம்பரை மாற்றினால் போதும்.

இன்றைக்குச் சன்னதியில் மதினி இன்னொன்றும் கேட்டாள். அதனால்தான் வந்து சாக்கை அவிழ்த்தேன். "அண்ணாச்சி, அவுக காதுல தினமும் ஒண்ணு சொன்னீகளே. அவுக வாயிலயும் அது அடிக்கடி வரும். அதுல ஏதும் வழி இருக்குமா?"

நெற்றியில் புற்றுமண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"நான் கைநாட்டு மதினி," என்றேன். "கிளிக்குச் சொல்லத்தான் தெரியும். சொன்னது என்னன்னு தெரியாது."

"ஆமா, அவுகளும் அதைத்தான் சொல்லுவாக" என்றாள். ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னாள்வே. சொல்லிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றப் போனாள்.

கட்டிலுக்குக் கீழே இப்போது இரண்டு மெஷின் கிடக்கிறது. ஒன்று கோமதியுடையது, ஒன்று உம்முடையது. இரண்டிலும் நாலுதான். இதைத் திருத்துகிறபோது கோமதி மனசு இளகி மதினிக்கு ஃபோன் போட்டாலும் போடுவாள், அது அவள் பாடு. மதினிக்கு வேண்டிய குரல் உம்ம மெஷினுக்குள் முனகிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது வேண்டாம். என்னிடம் இருக்கிறது அந்த மத்தியானத்துக் குரல், இறக்கியும் நிறுத்த முடியாமல் போன குரல். அதற்கு நகல் கிடையாது.

சாக்கை மறுபடி சுற்றிக் கட்டிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை, மெஷின் மதுரைக்குப் போயிருக்கிறது என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.